பெரியாஸ்பத்திரியைக் கேள்வி கேட்பது யார்? அரசு மருத்துவமனைகளின் தரக் கண்காணிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ரேஷன் கடை வரிசையிலும் விசேஷ வீட்டுப் பந்தியிலும் யாராவது ஒருவர் அரசு மருத்துவமனையைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. "இவங்களை யாரும் தட்டிக் கேக்க மாட்டாங்களா அக்கா?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் யார், எப்படி வேலை செய்கிறார்கள், நம் பங்கு அதில் எங்கே வருகிறது என்பதை, என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளின் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

எல்லா அரசு மருத்துவமனைக்கும் மேலதிகாரி ஒருவர்தானா?

இல்லை. புகார் கொடுப்பவர்களில் பாதிப் பேர் தவறான கதவைத் தட்டுவது இது தெரியாமல்தான்.

கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு இராஜாஜி மருத்துவமனை, அதாவது நம் பெரியாஸ்பத்திரி, மதுரை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. அங்கே தலைமைப் பொறுப்பில் இருப்பவர் டீன். அவருக்கு மேலே சென்னையில் மருத்துவக் கல்வி இயக்ககம். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் போன்ற ஊர்களில் இருக்கும் அரசு மருத்துவமனைகள் அந்தக் கிளையில் வராது. அவை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ் வருபவை. மாவட்ட அளவில் அவற்றுக்குப் பொறுப்பு இணை இயக்குநர். ஆஸ்பத்திரிக்காரர்கள் "ஜே.டி." என்பது அவரைத்தான். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையமும் துணை சுகாதார நிலையமும் மூன்றாவது கிளை. அது பொது சுகாதாரத் துறை, மாவட்ட சுகாதார அலுவலரின் கையில் இருக்கிறது. நகருக்குள் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களை மாநகராட்சியின் நகர்நல அலுவலர் பார்க்கிறார்.

ஆகவே சேடபட்டிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்ததை டீனிடம் எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதம் ஊர் சுற்றிவிட்டு வந்து சேரும்.

துறையே துறையைப் பார்ப்பது சரி. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் உண்டா?

உண்டு. மருத்துவக் கல்லூரியில் போதுமான பேராசிரியர்களும் படுக்கைகளும் இருக்கின்றனவா என்று தேசிய மருத்துவ ஆணையம் பார்க்கிறது. பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக 2020 செப்டம்பரில் வந்தது இது. குறிப்பிட்ட ஒரு மருத்துவரின் நடத்தையை விசாரிப்பது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். செலவழித்த பணத்துக்குப் பலன் கிடைத்ததா என்று பார்ப்பது இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறை. மருத்துவக் கழிவைப் பார்ப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ரத்த வங்கிக்கு உரிமம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழியாக வருகிறது. லஞ்சத்துக்கு ஊழல் தடுப்புத் துறை, உரிமை மீறலுக்கு மாநில மனித உரிமை ஆணையம். இதற்கெல்லாம் மேலே உலகனேரியில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளை. 2004 ஜூலையில் அது வந்த பிறகு, தென் மாவட்ட மருத்துவமனைகளைப் பற்றிய பொதுநல வழக்குக்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

ஆய்வு என்றால் முந்தின நாள் சுண்ணாம்பு அடித்து, புதுப் போர்வை விரித்து, அதிகாரி போனதும் எடுத்து வைப்பதுதானே?

அப்படியும் நடந்திருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், ஒரு பெரிய அதிகாரி வரப்போகிறார் என்று ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து மூன்று மாதத்துப் பதிவேட்டை நிரப்பினோம். ஒரே பேனா, ஒரே கையெழுத்து. வந்தவர் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அது மேற்பார்வையே இல்லை. அதில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆனால் வேறு மாதிரி ஆய்வையும் பார்த்திருக்கிறேன். மத்திய சுகாதாரத் துறை 2013-இல் தேசியத் தர உறுதித் தரநிலைகள் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மருத்துவமனைகளில் "என்குவாஸ்" என்பார்கள். எட்டுப் பிரிவுகள்: என்ன சேவை கிடைக்கிறது, நோயாளியின் உரிமை, கட்டடமும் ஆட்களும் கருவிகளும், துணைச் சேவைகள், சிகிச்சை முறை, தொற்றுக் கட்டுப்பாடு, தர மேலாண்மை, கடைசியாக விளைவு. ஒவ்வொன்றுக்கும் கீழே நூற்றுக்கணக்கான சிறு சிறு கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். முழுதாக இருந்தால் 2, அரைகுறையாக இருந்தால் 1. மொத்தத்தில் 70 விழுக்காடு வாங்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு துறையிலும், ஒவ்வொரு பிரிவிலும் 70 வாங்க வேண்டும். பிரசவ வார்டு பளபளவென்று இருந்து அவசரப் பிரிவு தடுமாறினால் சான்று கிடையாது.

இதில் எனக்குப் பிடித்தது, விடையைத் தேடும் விதம். கண்ணால் பார்க்க வேண்டும், ஊழியரிடம் கேட்க வேண்டும், பதிவேட்டைப் பார்க்க வேண்டும், நோயாளியிடம் கேட்க வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்த வழி என்று பட்டியலிலேயே குறித்திருக்கும். பதிவேட்டை ராத்திரியோடு ராத்திரியாக எழுதிவிடலாம், ஊழியரின் கை பழகியிருப்பதை அப்படிச் செய்ய முடியாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். மதிப்பிட வந்த அம்மா என்னிடம், "சிஸ்டர், அந்த ஆக்சிஜன் சிலிண்டரை இப்ப திறந்து காட்டுங்க" என்றார். சிலிண்டர் நிறைந்திருந்தது. அதைத் திறக்கும் சாவியைக் காணோம். பக்கத்து வார்டிலிருந்து எடுத்து வர நாலு நிமிஷத்துக்கு மேலே ஆனது. எங்கள் பதிவேட்டில் "ஆக்சிஜன் இருப்பு: உண்டு" என்று அன்று காலைதான் நான் எழுதியிருந்தேன். அவர் யாரையும் திட்டவில்லை. அந்த இடத்தில் 0 போட்டுவிட்டு, ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டார். எல்லா வார்டுக்கும் சேர்த்து இரண்டே சாவிதான் இருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. அடுத்த வாரம் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு சாவியைச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். சில மாதம் கழித்து அவரே மறுபடி வந்தார். நேராக அந்தச் சிலிண்டரிடம்தான் போனார்.

திரும்பி வந்து பார்ப்பவர் இருந்தால்தான் கட்டின சாவி கட்டினபடி இருக்கும். சான்று மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும் என்று வைத்திருப்பதும், நடுவிலும் மதிப்பிட வேண்டும் என்பதும் அதனால்தான்.

அவர்கள் நோயாளியிடம் கேட்கும்போது என்ன சொல்வது?

நடந்ததைச் சொல்லுங்கள்.

நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு குணம். வெள்ளைச் சட்டைக்காரர் கேட்டால், "ஒரு குறையும் இல்லைங்க, நல்லாப் பாத்துக்கிடுறாங்க" என்று சொல்லிவிடுவார்கள். நன்றி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம், பக்கத்தில் நிற்கும் என்னைப் போன்ற சிஸ்டரின் முகம் இன்னொரு பக்கம். பிரசவமான ஒரு பெண், குளியலறையில் தண்ணீர் வராமல் இரண்டு நாள் அவதிப்பட்டாள். கேட்க வந்தவரிடம் வாயே திறக்கவில்லை. அவர் போன பிறகு என்னிடம் சொல்லி அழுதாள். அந்தக் குழாய் சரியாக இன்னும் ஒரு மாதம் ஆனது.

மதிப்பிட வருபவர், ஊழியரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். அவர் அப்படிச் செய்யவில்லையென்றால், "தனியாச் சொல்லலாமா" என்று நீங்களே கேட்கலாம். பெரிய பாராட்டும் வேண்டாம், பெரிய குற்றச்சாட்டும் வேண்டாம். எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை மணிக்கு டாக்டர் பார்த்தார், எந்த மருந்தை வெளியே வாங்கச் சொன்னார்கள், வயிற்றைப் பரிசோதிக்கும்போது திரை போட்டார்களா, வீட்டுக்குப் போகும்போது எந்த மாத்திரை எதற்கு என்று சொன்னார்களா. இவ்வளவு போதும்.

காயகல்ப் விருது என்று போர்டில் எழுதியிருக்கிறதே?

2015-இல் வந்த மத்திய அரசுத் திட்டம் அது. சுத்தம், கழிவு, தொற்றுக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுப் பணப்பரிசு தருவார்கள். நல்ல திட்டம். ஆனால் அந்த போர்டு, சிகிச்சை முழுவதற்கும் தந்த நற்சான்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தச் சோதனைகளால் உண்மையிலேயே உயிர் பிழைத்திருக்கிறதா? காகிதத்தில் மதிப்பெண் ஏறினால் போதுமா?

பிழைத்திருக்கிறது. இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். என் வேலைக்காலத்தில் நான் கண்ணால் கண்ட மாற்றம் இது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரசவத்தில் தாய் இறந்தால், "விதி" என்று சொல்லி உடலைக் கொடுத்தனுப்பி விடுவார்கள். சிகிச்சை விவரம் எழுதும் கேஸ் ஷீட்டில் நாலு வரி இருக்கும், அத்தோடு முடிந்தது. தமிழ்நாட்டில் 1990களில் தொடங்கி இது மாறியது. ஒவ்வொரு தாய் மரணத்தையும் உடனே தெரிவிக்க வேண்டும், ஏன் நடந்தது என்று விசாரிக்க வேண்டும் என்ற பழக்கம் வந்தது. இரண்டு பக்கம் விசாரணை. மருத்துவமனைக்குள் ஒன்று. அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய், கணவர், மாமியார், கிராம சுகாதார செவிலியர் எல்லாரிடமும் கேட்பது இன்னொன்று. இரண்டையும் மாவட்டக் குழு உட்கார்ந்து பார்க்கும். மாவட்ட ஆட்சியரும் பார்ப்பார்.

விசாரணையில் தேடுவது மூன்று தாமதங்களை. ஆபத்து என்று வீட்டில் புரிந்துகொள்ள ஆன தாமதம். வண்டி கிடைத்து மருத்துவமனை வந்து சேர ஆன தாமதம். வந்து சேர்ந்த பிறகு சிகிச்சை தொடங்க ஆன தாமதம். யார் மீது பழி போடலாம் என்று ஆரம்பித்தால் மூன்றாவது தாமதத்தை எல்லாருமே மறைப்பார்கள். அதனால் இந்தக் கூட்டங்களில் சொல்வது வெளியே போகாது என்று ஒரு நடைமுறை வைத்தார்கள். முதல் கூட்டத்துக்குப் போனபோது எனக்கு உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. ரத்தப்போக்கில் இறந்த பெண். ரத்தம் ஏற்பாடு செய்ய எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். யாரும் கத்தவில்லை. அந்த மருத்துவமனையில் ரத்தச் சேமிப்பு வசதி இல்லாததைக் குறித்துக்கொண்டார்கள்.

இப்படி மாவட்டம் மாவட்டமாக ஆயிரக்கணக்கான மரணங்களை அலசியதில், ஒரே காரணங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ரத்தப்போக்கு, ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு, கிருமித் தொற்று. அவற்றுக்கு ஏற்றபடிதான் ஒவ்வொன்றாக வந்தன: ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை வைத்து 24 மணி நேரப் பிரசவம், அறுவை சிகிச்சையும் ரத்தமும் எப்போதும் தயாராக இருக்கும் சீமாங்க் மையங்கள், 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ், ரத்தப்போக்கு உள்ள பெண்ணை வழியில் காப்பாற்ற இடுப்பிலிருந்து கால்வரை இறுக்கிக் கட்டும் அந்த நீல உடை. இந்த உடையை நான் முதலில் பார்த்தபோது இதற்கெல்லாம் நேரம் ஏது என்று நினைத்தேன். பிறகு அதோடு உயிரோடு வந்திறங்கிய பெண்களைப் பார்த்தேன்.

கணக்கு இதுதான். 2001-03-இல் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார் என்ற கணக்கில் இறந்தார்கள். 2018-20-இல் அது 54. அதே காலத்தில் இந்தியச் சராசரி 97. சாலை, படிப்பு, வருமானம் எல்லாம் இதில் சேர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் "ஏன் இறந்தாள்" என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய்க் கேட்ட அந்த வேலை இல்லாமல், எந்த வசதியை எந்த ஊரில் வைப்பது என்றே தெரிந்திருக்காது. அதே 2018-20-இல் கேரளத்தில் அந்த எண் 19. நாம் போக வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரி மாத்திரை கேட்காது என்கிறார்களே?

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். சர்க்கரை மாத்திரையை இலவசமாக வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, கடன் வாங்கிக் கடையில் வாங்கும் ஆட்களை எனக்குத் தெரியும்.

1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை அரசு தொடங்கியது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கேட்டு வாங்குவது அதுதான். மருந்து வந்தவுடன் மாவட்டக் கிடங்கிலிருந்து ஒவ்வொரு தொகுதியிலும், அதாவது ஒவ்வொரு பேட்ச்சிலும், மாதிரி எடுப்பார்கள். எந்தக் கம்பெனி மருந்து என்று தெரியாதபடி அடையாளத்தை மறைத்து, ஒரு குறியீட்டு எண் போட்டு, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் கிடங்கிலிருந்து வெளியே வரும். தேறாத சரக்கைத் திருப்பி அனுப்புவார்கள். திரும்பத் திரும்பத் தவறும் கம்பெனியைக் கறுப்புப் பட்டியலில் வைப்பார்கள். பல மாநிலங்கள் இந்த முறையைப் பார்த்துத் தங்களுக்கும் இப்படி ஒரு கழகம் வைத்துக்கொண்டன.

மாத்திரை நிறம் மாறியிருந்தால், பொடிந்திருந்தால், பட்டையோடு கொண்டுபோய் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். பட்டையில் இருக்கும் தொகுதி எண் முக்கியம். அதை வைத்து அந்தத் தொகுதி போன எல்லா இடத்திலும் நிறுத்தி வைக்க முடியும். பட்டையைக் கிழித்து ஏழு மாத்திரையைக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இத்தனை பேர் மேற்பார்வை பார்த்தும் பெரிய தவறுகள் நடக்கின்றனவே?

நடக்கின்றன. இரண்டு சம்பவங்களைத் தென் மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது வெளியே வந்தது. பிறகு அவருக்கு மதுரையில்தான் சிகிச்சை நடந்தது. ரத்தம் கொடுத்தவருக்குத் தொற்று இருப்பது அதற்கு முன்பே ஒரு பரிசோதனையில் பதிவாகியிருந்தும், செய்தி அவரைப் போய்ச் சேரவில்லை. 2019-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. பரிசோதனை இருந்தது, பதிவேடு இருந்தது, உரிமம் கொடுத்தவரும் இருந்தார். ஓர் இடத்தில் எழுதியதை இன்னோர் இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை.

2019 மே மாதம் ஒரு மாலை, காற்றும் மழையுமாக இருந்த நேரத்தில் இராஜாஜி மருத்துவமனையில் மின்சாரம் நின்றது. தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகள் சிலர் இறந்தார்கள். வென்டிலேட்டர் நின்றதால்தான் என்றார்கள் உறவினர்கள். அவர்கள் ஏற்கனவே கவலைக்கிடமாக இருந்தவர்கள் என்றது நிர்வாகம். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஒரு செவிலியராக எனக்குத் தோன்றுவது, ஜெனரேட்டர் ஓடுகிறது என்பதற்கும், மின்சாரம் போனால் இந்தப் படுக்கைக்கு எத்தனை வினாடியில் மின்சாரம் வரும் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதை, நிஜமாகவே மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி என்று ஆறேழு மாவட்டத்துக் கடைசி நம்பிக்கை பெரியாஸ்பத்திரி. அங்கே ஓர் இடத்தில் ஓட்டை இருந்தால் அத்தனை மாவட்டத்துக்கும் ஓட்டை.

தணிக்கைத் துறை கணக்குத்தானே பார்க்கும்? அதற்கும் நோயாளிக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. அவர்கள் ரசீதை மட்டும் பார்ப்பதில்லை. செயல்திறன் தணிக்கை என்று ஒன்று உண்டு. வாங்கிய எக்ஸ்ரே கருவி அட்டைப்பெட்டியிலேயே எத்தனை மாதம் இருந்தது, கட்டிய பிரசவ வார்டில் எத்தனை பிரசவம் நடந்தது, அனுமதித்த செவிலியர் பணியிடத்தில் எத்தனை காலி, எந்த மருந்து எத்தனை நாள் இல்லாமல் போனது என்றெல்லாம் எண்ணுவார்கள். அறிக்கை ஆளுநருக்குப் போய், சட்டமன்றத்தில் வைக்கப்படும். பிறகு பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கும். தமிழிலும் வரும், இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

குறை என்னவென்றால், தாமதம். நடந்து நாலைந்து ஆண்டு கழித்துத்தான் அறிக்கை வரும். ஆனாலும் உங்கள் ஊர் மருத்துவமனையின் பெயர் அதில் இருந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்து சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். வெறும் வாய்ப்பேச்சுக்கு இல்லாத கனம் அந்தத் தாளுக்கு உண்டு.

நோயாளர் நலச் சங்கம் என்றால் என்ன?

ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டிய ஒரு குழு. அதிகாரிகளோடு ஊர்ப் பிரதிநிதிகளும் இருப்பார்கள். உடைந்த நாற்காலி, ஒழுகும் குழாய், குடிதண்ணீர் மாதிரி அவசரச் செலவுக்குக் கொஞ்சம் நிதியும் வரும். கூட்டம் ஒழுங்காக நடக்கும் ஊரில் சின்னக் குறைகள் சீக்கிரம் தீரும். உங்கள் ஊரில் உறுப்பினர் யார், கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது என்று கேளுங்கள். கேட்கிறார்கள் என்று தெரிந்தாலே அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிப்பார்கள்.

குழந்தை பிறந்தால் காசு, ஸ்ட்ரெச்சர் தள்ளினால் காசு. இதை யார் தடுப்பது?

இதைப் பேச எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் பேசித்தான் ஆக வேண்டும். ஆண் குழந்தைக்கு ஒரு விலை, பெண் குழந்தைக்கு ஒரு விலை என்று கேட்ட ஆட்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

முதலில் பணி நேர மருத்துவரிடமோ, நிலைய மருத்துவ அலுவலரிடமோ சொல்லுங்கள். "ஆர்.எம்.ஓ. ரூம் எங்கே" என்று கேட்டால் காட்டுவார்கள். அங்கே பலன் இல்லையென்றால் ஊழல் தடுப்புத் துறை. மதுரையிலேயே அலுவலகம் இருக்கிறது. ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் வேறு வழியில்லாமல் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர், 7 நாளுக்குள் காவல் துறையிடமோ ஊழல் தடுப்புத் துறையிடமோ தெரிவித்தால் அவர்மீது குற்றம் இல்லை. அந்த 7 நாளைத் தவற விடாதீர்கள்.

சரி, இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அந்தத் தொழிலாளர்களில் பலர் ஒப்பந்த ஆட்கள். சம்பளம் குறைவு, அதுவும் சில மாதம் தள்ளித்தான் வரும். ஒப்பந்தக்காரர் சம்பளத்தைச் சரியாகக் கொடுக்கிறாரா என்று பார்ப்பதும் மேற்பார்வையில் ஒரு பகுதிதான். அதைப் பார்க்காமல் கடைநிலை ஆளை மட்டும் இடைநீக்கம் செய்தால், அவர் இடத்துக்கு வருபவரும் கை நீட்டுவார்.

புகாரை எங்கே தொடங்குவது?

உயிருக்கு ஆபத்தான நேரத்தில் புகார் எழுத உட்காராதீர்கள். பணி மருத்துவர், அடுத்து நிலைய மருத்துவ அலுவலர், அடுத்து டீன் அல்லது தலைமை மருத்துவ அலுவலர் என்று நேரில் போய் நில்லுங்கள். 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணைக் கூப்பிட்டும் சொல்லலாம்.

நெருக்கடி கடந்த பிறகு எழுதுங்கள். முதலமைச்சரின் உதவி மையம் 1100 புகாரைப் பதிந்து எண் தரும். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால், அதற்கும் பதிவெண் உண்டு. தேதி, நேரம், வார்டு எண், உள்நோயாளி எண், என்ன நடந்தது, என்ன வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். "மனிதாபிமானமே இல்லை" என்று எழுதினால் பதில் எழுதுவது சுலபம். "12-ஆம் தேதி இரவு 11.20 முதல் காலை 6 மணி வரை வார்டில் மருத்துவர் வரவில்லை" என்று எழுதினால் யாராவது வருகைப் பதிவேட்டைத் திறந்தே ஆக வேண்டும்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?

1995-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவாகச் சொன்னது. எல்லாருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை, நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. கட்டணம் வாங்கும் இடமும், நோயாளிக்காகக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டும் சிகிச்சையும் வரும். ஆகவே முதலில் உங்கள் சிகிச்சை எந்த வகை என்று ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

இலவசச் சிகிச்சை என்பதால் கேள்வி கேட்க முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். அவசரச் சிகிச்சை மறுக்கப்படுவது உயிர் வாழும் உரிமையை மீறுவது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு, சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் தபாலிலேயே மனு அனுப்பலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை.

கேஸ் ஷீட் தர மாட்டேன் என்கிறார்களே?

எழுதிக் கேளுங்கள். மருத்துவ ஒழுங்குமுறை விதிப்படி 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். தரவில்லையென்றால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு. பதிலுக்கு 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். வேறொருவரின் நோய் விவரம் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆனால் மருந்து இருப்பு, காலிப் பணியிடம், ஸ்கேன் எத்தனை நாள் பழுதாக இருந்தது போன்றவற்றை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் தனியார் மருத்துவமனைக்குப் போனால் இந்தக் கண்காணிப்பு உண்டா?

உண்டு, அதுவும் பொதுப் பணம்தானே. திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கு மேற்கொண்டு பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லுங்கள். பணம் கட்டியிருந்தால் ரசீதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

புகார் கொடுத்தால் உள்ளே இருக்கும் எங்கள் ஆளைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிடுவார்களோ?

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் இதுதான் நியாயமான பயம். "இல்லவே இல்லை" என்று சொன்னால் பொய் சொன்னவள் ஆவேன். முகத்தைக் காட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் புகார் பதிவான நோயாளியின் கேஸ் ஷீட்டை மேலே இருப்பவர்களும் திறந்து பார்ப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் ஊசி நேரத்துக்குப் போகும், பதிவும் நேரத்துக்கு விழும்.

ஒரு யோசனை சொல்கிறேன். உள்ளே இருக்கும்போது குறையைப் பற்றி மட்டும் பேசுங்கள், ஆளைப் பற்றிப் பேசாதீர்கள். "சிஸ்டர், ராத்திரி டிரிப் தீர்ந்து ரொம்ப நேரமாச்சு, யாருகிட்ட சொல்றதுன்னு தெரியலை, யாரைக் கூப்பிடணும்?" என்று கேளுங்கள். பெரும்பாலான செவிலியர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரவில் 40 படுக்கைக்கு ஒருத்தியாக நின்றிருக்கிறேன். ஒரு மூலையில் டிரிப் தீர்ந்ததை எனக்குச் சொன்னது எத்தனையோ தடவை பக்கத்துக் கட்டில் நோயாளியின் அம்மாதான். வீட்டுக்குப் போன பிறகு, எல்லாம் ஆறின பிறகு, பெயர் போட்டு எழுதிக் கொடுங்கள். நல்லபடியாகப் பார்த்த சிஸ்டரின் பெயரையும் அதே தாளில் எழுதுங்கள். ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு நான் எடுத்துக்கொண்டு போனவற்றில், திருமங்கலத்துக்காரர் ஒருவர் எழுதிய அப்படி ஒரு தாளும் இருந்தது. வார்டு மின்விசிறி ஓடாததைப் பற்றிய புகார் அது. கடைசி வரியில் என் பெயர் இருந்தது. மின்விசிறியும் பத்து நாளில் ஓடியது.